டிவிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி: வீட்டு மீடியா சென்டர் கட்டுவது எப்படி

பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றில் கல்யாண வீடியோ. லேப்டாப்பில் பிள்ளைகளின் பள்ளி விழா. அலமாரியில் தூசி படிந்த டிவிடிகள். போனில் எண்ணவே முடியாத அளவுக்குப் போட்டோ. எல்லாம் வீட்டில்தான் இருக்கிறது. ஆனால் டிவி முன்னால் நான்கு பேர் உட்கார்ந்த பிறகு எதுவும் கைக்கு வராது. பென்டிரைவைத் தேடிப் பிடித்து, ஃபைலை ஏற்றி, டிவியில் செருகினால் "இந்த வகை ஃபைல் இயங்காது" என்று வரும். அதற்குள் இரண்டு பேர் எழுந்து போயிருப்பார்கள்.

ஒரு சின்னக் கம்ப்யூட்டரை டிவிக்குப் பின்னால் நிரந்தரமாக வைத்து, எல்லாவற்றையும் அதன் வழியாகப் பார்ப்பதைத்தான் மீடியா சென்டர் என்கிறோம். மென்பொருள் முழுக்கத் திறந்த மூல வகை, அதாவது நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம். கம்ப்யூட்டரைப் பிரித்துப் பூட்டிய அனுபவமெல்லாம் வேண்டாம். பென்டிரைவில் ஃபைல் ஏற்றத் தெரிந்தால் போதும். ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன்: பெட்டியை ஓடவைப்பது ஒரு சாயங்கால வேலை, ஃபைல்களுக்கு ஒழுங்காகப் பெயர் வைப்பதுதான் வாரக்கணக்கில் இழுக்கும். புதிதாக வருகிறவர்கள் இதை நேர்மாறாக நினைத்துக்கொண்டு, எந்தப் பிராசசர் வாங்குவது என்பதிலேயே ஒரு மாதத்தைக் கழிக்கிறார்கள். நானும் கழித்தவன்தான்.

மென்பொருள் எது?

மூன்று பெயர்கள் தெரிந்தால் போதும்: கோடி, லிப்ரஎலெக், ஜெல்லிஃபின்.

திரையில் நீங்கள் பார்க்கப்போவது கோடியைத்தான் (எண்ணிக்கையில் வரும் கோடி இல்லை, மென்பொருளின் பெயரே அப்படி). போஸ்டர்களை வரிசையாகக் காட்டுவது, படத்தை ஓட்டுவது, பாதியில் நிறுத்திய இடத்தை நினைவில் வைப்பது எல்லாம் அதன் வேலை. 2002-இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் வீடியோ பார்ப்பதற்காக எழுதத் தொடங்கியது. நெடுநாள் எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் இருந்து, 2014-இல் கோடி ஆனது. உள்ளே வீடியோவைப் பிரிக்கும் வேலையை எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு திறந்த மூல மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. டிவி மறுக்கும் ஃபைலைக்கூட கோடி முணுமுணுக்காமல் ஓட்டுவது அதனால்தான்.

கோடிக்குள் படம் எதுவும் இருக்காது. உங்களிடம் இருப்பதைத்தான் அது காட்டும். புதுப் படமெல்லாம் இலவசம் என்று ஆசை காட்டும் ஆட்-ஆன்கள் வெளியே நிறைய உலவுகின்றன. அவை சட்டத்துக்குப் புறம்பானவை என்பது ஒரு பக்கம். ஆட்-ஆன் என்பது உங்கள் பெட்டிக்குள் ஓடும் ஒரு நிரல் என்பது இன்னொரு பக்கம். யார் எழுதினார்கள் என்றே தெரியாத நிரலை வீட்டு நெட்வொர்க்குக்குள் விடுகிறீர்கள். கோடியின் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லாத எதையும் நான் போடுவதில்லை.

லிப்ரஎலெக் என்பது கோடியை ஓட்டுவதற்கென்றே வடித்த ஒரு குட்டி லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி ஓர் இயங்குதளம்). 2016-இல் ஓப்பன்எலெக் என்ற திட்டத்திலிருந்து பிரிந்து வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டால் நேராகக் கோடி வரும். டெஸ்க்டாப், பிரவுசர் எதுவும் கிடையாது. கெட்டுப்போக ஒன்றுமில்லை என்பதே இதன் பெரிய பலம்.

ஜெல்லிஃபின் வேறு ஜாதி. அது சர்வர். ஒரு கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டு, வீட்டிலுள்ள டிவி, போன், டேப்லெட் எல்லாவற்றுக்கும் படத்தை அனுப்பும். எம்பி என்ற மென்பொருள் மூடிய மூலமாக மாறியபோது, 2018 டிசம்பரில் அதன் பழைய திறந்த நிரலிலிருந்து கிளைத்தது.

ஒரே ஒரு டிவிதான் என்றால் லிப்ரஎலெக்கும் கோடியும் போதும். இரண்டு மூன்று திரைகள் என்றால் ஜெல்லிஃபின் வேண்டும். முதல் முறை கட்டுகிறவர்கள் முதல் வழியில் தொடங்குவதே நல்லது. இதே ஃபைல்களை வைத்து அப்புறம் ஜெல்லிஃபினுக்குப் போக எந்தத் தடையும் இல்லை.

ஏமாற்றத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சந்தா கட்டிப் பார்க்கும் ஓடிடி சேவைகளுக்கு இந்தப் பெட்டி லாயக்கில்லை. அவை வைட்வைன் போன்ற பூட்டுகளைப் போட்டிருக்கின்றன. சாதாரண லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு அதன் உயர்ந்த அடுக்கு கிடைக்காது, படம் குறைந்த தரத்தில்தான் வரும். அதற்கெல்லாம் டிவியில் ஏற்கெனவே இருக்கும் ஆப்பையே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கம்ப்யூட்டர்?

வீடியோ ஃபைல் என்பது இறுக்கிச் சுருட்டிய மூட்டை மாதிரி. ஓடும்போது விநாடிக்கு 24 முறையோ 60 முறையோ அதைப் பிரித்துக் காட்டியாக வேண்டும். பிராசசரே இதைச் செய்தால் சூடேறும், விசிறி இரையும், 4கே படத்தில் திணறும். இந்த வேலைக்கென்றே தனிச் சுற்று சிப்பில் இருந்தால் சத்தமே இல்லாமல் முடிந்துவிடும். இதற்குப் பெயர் ஹார்டுவேர் டிகோடிங். ஆகவே பிராசசர் எவ்வளவு வேகம் என்று கேட்காதீர்கள். எந்தெந்தக் கோடெக்கை அது தானே பிரிக்கும் என்று கேளுங்கள். கோடெக் என்பது சுருட்டிய முறை. வழக்கில் மூன்று முக்கியம்: 2003-இல் வந்த எச்.264, 2013-இன் எச்இவிசி, 2018-இன் ஏவி1.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டரிலிருந்து தொடங்குங்கள். இன்டெல் என்றால், ஆறாம் தலைமுறைக்கு முன்னால் உள்ளவை எச்.264 வரைதான் நிம்மதியாக ஓட்டும். ஏழாம் தலைமுறையிலிருந்து 10-பிட் எச்இவிசியும் வரும், அதாவது பெரும்பாலான 4கே ஃபைல்கள். ஏவி1 வேண்டுமென்றால் பதினொன்றாம் தலைமுறையோ அதற்குப் பிறகோ. ராம் 4 ஜிபி தாராளம்.

புதிதாக வாங்குவதாக இருந்தால் இரண்டே வழி. ராஸ்பெர்ரி பை 4 அல்லது 5: உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர், மின்சாரம் மிகக் குறைவு, டிவி ரிமோட்டோடு நேராகப் பேசும் (அந்தக் கதை பின்னால்). இரண்டுமே 4கே எச்இவிசியை ஹார்டுவேரில் பிரிக்கும். பை 5-இல் எச்.264-க்கான தனிச் சுற்றை எடுத்துவிட்டார்கள். ஆனால் பிராசசரே அதைச் சமாளிக்கும். ஏவி1 சுற்று இரண்டிலும் கிடையாது. இன்னொரு வழி, இன்டெல் என்100 சிப் போட்ட மினி பிசி. நான்கு கோர், 6 வாட் வகை, மூன்று கோடெக்கும் ஓடும். நாளைக்கு ஜெல்லிஃபின் ஓட்டும் எண்ணம் இருந்தால் இதுதான் சரி.

பை வாங்குகிறவர்கள் அடாப்டரில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பை 5-க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் வேண்டும். 3 ஆம்பியர் அடாப்டர் போட்டாலும் பெட்டி ஓடும்; ஆனால் யுஎஸ்பி வாய்களுக்கெல்லாம் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் கொடுக்கும். வெளி ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கி, "டிக்… டிக்…" என்று சொல்லிவிட்டு நின்றுபோகும். டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்து விடாதீர்கள். பசியில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

நிறுவுதல்

1. லிப்ரஎலெக் தளத்திலிருந்து உங்கள் கம்ப்யூட்டருக்கான இமேஜை (மென்பொருள் முழுவதும் அடங்கிய ஒரே ஃபைல்) இறக்குங்கள். சாதாரண இன்டெல், ஏஎம்டி பெட்டிகளுக்கு 'ஜெனரிக்'. பை 4-க்கும் பை 5-க்கும் தனித்தனி இமேஜ்.

2. அதைப் பென்டிரைவில் (பை என்றால் மெமரி கார்டில்) எழுதுங்கள். வெறுமனே காப்பி செய்தால் பூட் ஆகாது. லிப்ரஎலெக் தரும் கிரியேட்டர் கருவியோ ராஸ்பெர்ரி பை இமேஜரோ வேண்டும். பென்டிரைவில் இருந்தது எல்லாம் அழிந்துவிடும்.

3. பை ஆட்கள் கார்டைச் செருகி மின்சாரம் கொடுத்தால் வேலை முடிந்தது. ஆறாவது படிக்குப் போங்கள். மற்றவர்கள் பயாஸுக்குள் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸ் பக்கம்) போய் 'செக்யூர் பூட்'டை அணைத்துவிட்டு, பென்டிரைவிலிருந்து பூட் ஆகும்படி மாற்றுங்கள். அங்கேயே, கரன்ட் போய் வந்தால் தானாக எழும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். டிவிக்குப் பின்னால் கைவிட்டு பட்டனைத் தேடும் தொல்லை இருக்காது.

4. நிறுவும் முன் அந்தக் கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் மற்ற எல்லா டிஸ்க்கையும் கழற்றுங்கள்.

5. 'இன்ஸ்டால் லிப்ரஎலெக்' என்பதைத் தேர்ந்து, டிஸ்க்கைக் காட்டி, சம்மதம் சொல்லுங்கள். சில நிமிடங்களில் முடியும்.

6. முதல் தடவை எழும்போது மொழி, பெட்டிக்கு ஒரு பெயர், நெட்வொர்க் எல்லாம் கேட்கும். 'சாம்பா'வைப் போட்டு வையுங்கள். மற்ற கம்ப்யூட்டர்களிலிருந்து ஃபைல் அனுப்ப அது வேண்டும். 'எஸ்எஸ்எச்' (வேறு கம்ப்யூட்டரிலிருந்து பெட்டிக்குக் கட்டளை கொடுக்கும் வழி) தேவையில்லை என்றால் அணைத்தே விடுங்கள். போட்டால் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

நான்காவது படி எந்தக் கையேட்டிலிருந்தும் எடுத்ததில்லை. முதல் தடவை நான் நிறுவியபோது, குடும்பப் போட்டோக்கள் இருந்த வெளி டிஸ்க் செருகியே கிடந்தது. திரையில் இரண்டு டிஸ்க்குகள், புரியாத எழுத்தும் எண்ணுமாக இரண்டு பெயர்கள். அளவைப் பார்க்காமல் மேலே இருந்ததை அழுத்தினேன். "எல்லாம் அழியும், சரியா?" என்று இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் சரி என்றேன். போனில் மிச்சமிருந்த படங்களை வைத்துப் பாதியைத் தேற்றினேன். மீதி போனது போனதுதான்.

டிஸ்க் எவ்வளவு பெரியது?

கணக்கு எளிது. நல்ல தரத்தில் ஒரு 1080 படம் விநாடிக்கு 8 மெகாபிட் எடுக்கிறது என்று வையுங்கள். இரண்டு மணி நேரம் 7,200 விநாடி. ஒரு படம் 7.2 ஜிபி. 4 டிபி டிஸ்க்கில் ஐந்நூறு படத்துக்கு மேல் அடங்கும். டிவிடியை அப்படியே எடுத்தால் 4 முதல் 8 ஜிபி, புளூ-ரே என்றால் 25 அல்லது 50 ஜிபி வரை போகும். சொந்த டிஸ்க்கைப் பிரதி எடுப்பது எல்லா நாட்டிலும் ஒரே சட்டமில்லை; உங்கள் நாட்டில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கின் ஃபார்மட் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலையும் ஏற்காது. லினக்ஸோடு மட்டும் இருக்கப்போகிறது என்றால் எக்ஸ்ட்4, விண்டோஸிலும் செருகுவீர்கள் என்றால் என்டிஎஃப்எஸ். டிஸ்க்குக்கு ஒரு பெயரும் வையுங்கள். கோடி அந்தப் பெயரை வைத்துத்தான் பாதையை நினைவில் கொள்ளும். பின்னால் பெயரை மாற்றினால் நூலகம் மொத்தமும் காணாமல் போனது போல நிற்கும்.

ஃபைலுக்குப் பெயர் வைத்தல்

கோடி வீடியோவைப் பார்த்து இது என்ன படம் என்று கண்டுபிடிப்பதில்லை. பெயரை மட்டுமே படிக்கிறது. அந்தப் பெயரை டிஎம்டிபி என்ற இணையத் தரவுத்தளத்தில் தேடி, போஸ்டர், கதைச் சுருக்கம், நடிகர் பட்டியலைக் கொண்டு வருகிறது. பெயர் குப்பை என்றால் நூலகமும் குப்பை.

விதி சின்னது. படங்களுக்கு ஒரு ஃபோல்டர், தொடர்களுக்கு இன்னொன்று, வீட்டு வீடியோவுக்கு மூன்றாவது. மூன்றையும் கலக்கக்கூடாது. படங்கள் ஃபோல்டருக்குள் ஒவ்வொரு படத்துக்கும் தனி ஃபோல்டர். அதன் பெயர் படத்தின் பெயர், ஓர் இடைவெளி, அடைப்புக்குறிக்குள் ஆண்டு. உள்ளிருக்கும் ஃபைலுக்கும் அதே பெயர். ஆண்டை விட்டுவிடாதீர்கள், ஒரே பெயரில் இரண்டு மூன்று படங்கள் இருப்பது சாதாரணம். எங்கள் வீட்டில் ஒரு குடும்பப் படத்துக்குப் பேய்ப்பட போஸ்டர் வந்து, அது இருக்கும் பக்கமே பிள்ளைகள் போகாமல் இருந்தார்கள்.

தொடர் என்றால் தொடரின் பெயரில் ஃபோல்டர், உள்ளே சீசன் ஃபோல்டர், அதற்குள் ஃபைல்கள். ஃபைல் பெயரில் சீசன் எண்ணுக்கு முன் ஆங்கில எஸ், அத்தியாய எண்ணுக்கு முன் ஆங்கில இ. அதாவது இரண்டாம் சீசனின் ஐந்தாம் அத்தியாயம் எஸ்02இ05.

தமிழ்ப் படங்களில் ஒரு கூடுதல் சிக்கல். பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஆளுக்கொரு மாதிரி எழுதுவோம். 'ழ'வுக்கு ஒருவர் இரண்டு எழுத்து போடுவார், ஒருவர் ஒன்று. நெடிலை ஒருவர் இரட்டிப்பார், இன்னொருவர் விட்டுவிடுவார். தேடல் தவறினால் டிஎம்டிபி தளத்தில் அந்தப் படம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து அதையே வையுங்கள். அப்படியும் பிடிவாதம் செய்யும் படத்துக்கு ஒரு வழி உண்டு: படத்தின் பெயரிலேயே என்எஃப்ஓ என்ற நீட்டிப்போடு ஒரு சாதாரண எழுத்து ஃபைல் உருவாக்கி, டிஎம்டிபி பக்கத்தின் முகவரியை அதில் ஒட்டி, வீடியோவுக்குப் பக்கத்தில் வையுங்கள். கோடி தேடாமல் நேராக அங்கே போகும்.

பெயர் முடிந்ததும், கோடியில் 'வீடியோஸ்' பகுதியில் அந்த ஃபோல்டரைச் சேர்த்து, இதில் இருப்பது 'மூவீஸ்' என்றோ 'டிவி ஷோஸ்' என்றோ சொல்லுங்கள். வீட்டு வீடியோ ஃபோல்டருக்கு 'நன்' (எதுவுமில்லை) என்று கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மகளின் பிறந்தநாளை ஏதோ ஒரு நாட்டுப் படமாக்கி, யாரோ நடித்ததாகக் காட்டும். ஐந்நூறு படத்தையும் ஒரேயடியாகச் சேர்க்காதீர்கள். முதலில் பத்து. அவை சரியாக வந்தால் மீதி.

சப்டைட்டில் எஸ்ஆர்டி ஃபைலுக்கும் வீடியோவின் அதே பெயர்தான். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தால், ஃபைலை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமித்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால் எழுத்துருதான் பிரச்சினை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றைக் கோடியின் எழுத்துரு ஃபோல்டரில் போட்டு, சப்டைட்டில் செட்டிங்ஸில் தேர்ந்துகொள்ளுங்கள்.

படம் ஏன் வெட்டி வெட்டி நகர்கிறது?

முதல் இரவே இந்தப் புகார் வரும். சினிமா விநாடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்). டிவிக்குப் போகும் சிக்னல் 60. இருபத்து நான்கை அறுபதில் அடைக்க, ஒரு சட்டத்தை மூன்று தடவையும் அடுத்ததை இரண்டு தடவையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது கம்ப்யூட்டர். சண்டைக் காட்சியில் தெரியாது. கேமரா மெதுவாக இடமிருந்து வலமாகத் திரும்பும் ஒரு காட்சியைப் போட்டு, ஒரு மரத்தையோ தூணையோ மட்டும் பாருங்கள்: நழுவிப் போகாமல் நொண்டி நொண்டிப் போகும்.

கோடியின் செட்டிங்ஸில் 'பிளேயர்', அதில் 'வீடியோஸ்', அதில் 'அட்ஜஸ்ட் டிஸ்பிளே ரெஃப்ரெஷ் ரேட்' என்பதை 'ஆன் ஸ்டார்ட்/ஸ்டாப்' ஆக மாற்றுங்கள். கண்ணில் படவில்லை என்றால் இடதுபக்கம் கீழே இருக்கும் சக்கரக் குறியை அழுத்தி 'எக்ஸ்பர்ட்' வரை போங்கள். இனி படம் தொடங்கும்போது திரை ஒரு நொடி கறுத்து 24-க்கு மாறும். என்னைக் கேட்டால், இந்தப் பெட்டி கட்டும் சிரமத்துக்கு இது ஒன்றே போதும்.

படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டால் கோளாறு டிவியில். அதன் பட அளவை 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்' என்று மாற்றுங்கள். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் டிவியும் பெட்டியும் வண்ண வரம்பில் ஒத்துப்போகவில்லை. கோடியில் 'லிமிடெட் கலர் ரேஞ்ச்' என்பதை மாற்றிப் பாருங்கள். ஏவி ரிசீவரோ நல்ல சவுண்ட்பாரோ இருந்தால் மட்டும் ஆடியோவில் 'பாஸ்த்ரூ' (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) போடுங்கள். டிவி ஸ்பீக்கர் என்றால் அதைத் தொட வேண்டாம்.

ரிமோட்

எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே டிவி ரிமோட்டின் கட்டளைகளைப் பெட்டிக்கு அனுப்பும் வசதிக்கு சிஇசி என்று பெயர். டிவிக்காரர்கள் ஆளுக்கொரு பெயர் சூட்டியிருக்கிறார்கள்: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். டிவி மெனுவில் அதைப் போட்டுவிட்டால், ராஸ்பெர்ரி பை இருக்கும் வீட்டில் தனி ரிமோட்டே தேவையில்லை. பெரும்பாலான மினி பிசிகளில் சிஇசி கிடையாது. அதற்கு ஒரு ஃப்ளிர்க் யுஎஸ்பி ரிசீவர் வாங்கி, சும்மா கிடக்கும் பழைய ரிமோட் ஒன்றின் பட்டன்களை அதற்குக் கற்றுக்கொடுக்கலாம். ஆண்ட்ராய்டு போனில் 'கோரே' ஆப்பும் இருக்கிறது. ஆனால் படம் நிறுத்தப் போனைத் திறந்து பூட்டை எடுப்பது பத்து நாளில் அலுத்துவிடும்.

இன்னொரு அறைக்கும் வேண்டும் என்றால்

அப்போதுதான் ஜெல்லிஃபின். டெபியன் போன்ற ஒரு லினக்ஸில் நிறுவி, பிரவுசரில் அந்தக் கம்ப்யூட்டரின் ஐபி முகவரியோடு 8096 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்துத் திறந்தால் அமைப்புப் பக்கம் வரும். மேலே சொன்ன பெயர் முறையையே அதுவும் படிக்கும். ஃபைலைப் பார்க்கும் கருவிக்கு அந்தக் கோடெக் தெரிந்தால் அப்படியே அனுப்பும். தெரியாவிட்டால் ஓடும்போதே வேறு கோடெக்கில் மாற்றி அனுப்பும். இந்த மாற்றும் வேலைதான் கம்ப்யூட்டரைக் கசக்கும். என்100-இல் இன்டெல்லின் குவிக் சிங்க் சுற்றை ஜெல்லிஃபினில் போட்டுவிட்டால் அலட்டிக்கொள்ளாது. பை 5-இல் இதற்கான சுற்றே இல்லை.

முடிந்தால் கேபிள் இழுங்கள். 4கே டிஸ்க்கிலிருந்து எடுத்த படம் சில இடங்களில் விநாடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் வைஃபை அந்த இடத்தில்தான் சுற்றிக்கொண்டு நிற்கும். பல டிவிகளின் நெட்வொர்க் வாயே 100 மெகாபிட்தான். இன்னொன்று: வெளியூரிலிருந்து பார்க்க ஆசைப்பட்டு ரௌட்டரில் போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள். வயர்கார்டு போன்ற விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் பூட்டிய தனி வழி) வழியாக வாருங்கள்.

கடைசியாக, உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் பக்கமே வராத ஒருவரிடம் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். எங்கே தயங்குகிறார், எந்தப் பட்டனைத் தேடுகிறார் என்று பாருங்கள். என் அம்மா முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்: வானிலை, ரேடியோ, கேம்ஸ், ஆட்-ஆன் என்று ஒரு டஜன் வரிசை, அதில் படம் எங்கே? செட்டிங்ஸில் 'இன்டர்ஃபேஸ்', 'ஸ்கின்' வழியாகப் போனால் முகப்புப் பட்டியலில் வேண்டாததை மறைக்கலாம். எங்கள் திரையில் இப்போது நான்குதான் மிச்சம்: படம், தொடர், பாட்டு, போட்டோ.